மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை: குடும்ப அறிவியல் மாலைக்கு எந்தச் சோதனையை வைப்பது, எதை விடுவது?

சென்னையில் எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை மொட்டை மாடியில் ஒரு கூட்டம் நடக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வடிகாலைத் தூர்வாருவது, ஜெனரேட்டருக்கு டீசல், கார்களை எந்த மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும். பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். இந்த முறை கூட்டத்தை அரை மணியில் முடித்துவிட்டு, மீதி இரண்டு மணி நேரத்தைப் புயல், வெள்ளம், வெயில் பற்றிய சோதனைகளுக்கு ஒதுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சரி என்றார்கள். ஏற்பாடு என் தலையில் விழுந்தது.

ஏழெட்டுச் சோதனைகளைத் திரட்டி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்தேன். மூன்று மேசைகளுக்குத்தான் இடம், ஆள், நேரம் எல்லாம் இருந்தன. மாலை ஐந்தரைக்கு மேல் என்பதால் வெயிலை நம்ப முடியாது. நாலு வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே மேசையில் நிற்க வேண்டும். செலவு இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் எல்லோரும் வைக்கும் நிபந்தனைகள்தான். நான் கூடுதலாக ஒன்று வைத்துக்கொண்டேன்: சோதனை பலித்த பிறகு, 'ஏன் அப்படி ஆச்சு?' என்று பிள்ளை கேட்டால் நான் சொல்லும் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில்தான் பாதிச் சோதனைகள் அடிபட்டுப் போயின.

முதலில் போனது மிகப் பிரபலமானது.

வினிகர் பாட்டில்

பருவநிலை மாற்றத்துக்கு வீட்டுச் சோதனை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இதுதான். இரண்டு பாட்டில்கள். ஒன்றில் வெறும் காற்று, இன்னொன்றில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு. இரண்டுக்குள்ளும் தெர்மாமீட்டர் செருகி ஒரு குண்டு பல்பின் அடியில் வைத்தால், இரண்டாவது பாட்டில் கூடுதலாகச் சூடாகும். 'பார்த்தீர்களா, பசுமை இல்ல விளைவு!' என்று கைதட்டல் வாங்கிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் பசுமை இல்ல விளைவு, அதாவது வாயு வெப்பக் கதிரை உறிஞ்சிப் பிடித்து வைப்பது, அல்ல. 2010இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை இந்த வகைச் சோதனையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தது. கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். ஆர்கான் வெப்பக் கதிரை உறிஞ்சாது, அது பசுமை இல்ல வாயுவே அல்ல. ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவு சூடு ஏறியது. இரண்டு வாயுக்களும் காற்றைவிடக் கனமானவை. பாத்திரத்துக்குள் கனமாகத் தங்கி, சூடான காற்று மேலே எழுந்து கலைவதைத் தடுக்கின்றன. வானத்தில் நடப்பது இது இல்லை. விடை சரி, ஆனால் கணக்குப் போட்ட வழி தப்பு.

என் வீட்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. முதல் தடவை வெறும் காற்று பாட்டில்தான் அதிகம் சூடானது. பார்த்தால் அது பல்புக்கு இரண்டு விரற்கடை நெருக்கமாக இருந்திருக்கிறது. அவ்வளவு நுணுக்கமான ஒன்றை ஓடியாடும் பிள்ளைகள் நடுவில் வைக்கவே முடியாது.

கார்பன் டை ஆக்சைடைப் பற்றிப் பேசாமலும் விட முடியாது அல்லவா? அதற்கு ஒரு சார்ட் போதும் என்று முடிவு செய்தேன். ஹவாய்த் தீவில் மவுனா லோவா எரிமலைச் சரிவில் 1958இலிருந்து காற்றை அளந்து வருகிறார்கள். தொடக்கத்தில் பத்து லட்சத்தில் 315 பங்கு அளவுக்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வீட்டில் ஒவ்வொருவரும் தான் பிறந்த வருடத்தின் அளவைத் தேடி அந்தச் சார்ட்டில் ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். தாத்தா பொட்டு கீழே, அம்மா பொட்டு நடுவில், பேத்தி பொட்டு உச்சியில். எந்தப் பாட்டிலும் இதைச் சொல்லாது. செலவு: ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் பொட்டு.

பாட்டில் சூறாவளி, பாட்டில் மேகம்

இரண்டு பெட் பாட்டில்களை வாயோடு வாய் வைத்து ஒட்டி, மேல் பாட்டில் தண்ணீரைச் சுழற்றிவிட்டால் நடுவில் ஒரு சுழல் விழும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை. ஆனால் இதைப் புயல் என்று பெயர் சூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வங்கக் கடல் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் கொண்டது. அதற்குத் தீனி சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடான கடல்நீர், அதைச் சுழற்றிவிடுவது பூமியின் சுழற்சி. அதனால்தான் நிலநடுக்கோட்டை ஒட்டி ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது அபூர்வம். பாட்டிலில் இருக்கும் சுழலுக்கு நம் மணிக்கட்டு தவிர வேறு காரணம் கிடையாது. ஆகவே மேசை கிடையாது, படிக்கட்டுப் பக்கம் இரண்டு ஜோடி பாட்டில்கள் மட்டும். வரிசையில் நிற்கும் பொடிசுகள் சுழற்றிக்கொண்டிருக்கட்டும். மேலே ஒட்டும் காகிதத்தில் 'சுழல்' என்று மட்டும் எழுதினேன்.

மேகம் அப்படியில்லை, அது நேர்மையான சோதனை. இரண்டு லிட்டர் பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், ஊதுபத்திப் புகை ஒரு இழுப்பு, மூடியை இறுக்கி மூடு. பாட்டிலை நன்றாக அழுத்திப் பிடித்துச் சட்டென்று விட்டால் உள்ளே வெள்ளையாக மூட்டம் தோன்றும், மறுபடி அழுத்தினால் மறையும். அழுத்தம் குறையும்போது காற்று குளிர்கிறது, நீராவி புகைத் துகளைப் பிடித்துக்கொண்டு துளியாகிறது. உண்மையான மேகத்திலும் இதேதான். புகை இல்லாமல் ஒரு பாட்டில் வைத்துக் காட்டினால் துகளின் வேலையும் புரியும். இருட்டத் தொடங்கியபின் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் இன்னும் அழகு. மூன்று மேசைக்குள் இது வரவில்லை என்பதில் எனக்கே வருத்தம்தான். ஆனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, ஊதுபத்தி நெருப்புக்கு ஒரு பெரியவர் காவல் நிற்க வேண்டும், நம் தெருவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்ல நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. டீ இடைவேளைக்கு வைத்துக்கொண்டேன்.

ஐஸ்

இது முதல் மேசை. ஒரே அளவு கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டு. இரண்டிலும் ஒரு கூழாங்கல் மேடு. ஒன்றில் மேட்டின் மேல் ஐஸ் கட்டிகள், தண்ணீர் அதற்குக் கீழே. இன்னொன்றில் அதே எண்ணிக்கை ஐஸ் தண்ணீரில் மிதக்கிறது. மார்க்கரால் இரண்டிலும் கோடு போட்டுவிட்டு, 'உருகினால் எதில் மட்டம் ஏறும்?' என்று கேட்க வேண்டும். வீட்டில் கேட்டபோது என் மகன் இரண்டிலும் என்றான், பொறியியல் படித்த மைத்துனரும் இரண்டிலும் என்றார். மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. உருகினாலும் அந்தக் கோடு அசையாது. மேட்டில் இருந்தது உருகினால்தான் ஏறும். ஆகவே ஆர்க்டிக் கடல்மேல் மிதக்கும் பனியைவிட, கிரீன்லாந்து நிலத்தின்மேல் கிடக்கும் பனிதான் கடல்மட்டக் கணக்கில் கவலை. அது முழுக்க உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் ஏழு மீட்டர் ஏறும்.

பக்கத்திலேயே ஒரு சின்ன பாட்டில். கழுத்துவரை மஞ்சள் கலந்த தண்ணீர், மூடியில் துளையிட்டு ஸ்ட்ரா, சுற்றிலும் மெழுகால் அடைப்பு. சூடான தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தால் ஸ்ட்ராவுக்குள் மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் சூடானால் விரியும் என்பதுதான் விஷயம். 1971க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் ஏறியதில் ஏறக்குறைய பாதிக்கு இந்த விரிவுதான் காரணம். பனி உருகுவதை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ஐஸுக்கு அரை மணிக்கு மேல் ஆகும், ஸ்ட்ராவுக்கு மூன்று நிமிடம். அதனால் இரண்டும் ஒரே மேசையில் நன்றாகப் பொருந்துகின்றன.

வெள்ளத் தட்டு

இதுதான் நடு மேசை. எதை விட்டாலும் இதை விட மாட்டேன்.

இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்துச் சரிவாக வைக்கிறோம். தாழ்ந்த ஓரத்தில் ஒரு துளை, அதன் கீழே அளவுக் குவளை. ஒரு தட்டில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து அதன்மேல் தீப்பெட்டி வீடுகள். இன்னொன்றில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுகளை நெருக்கமாக அடுக்கி அதன்மேல் அதே தீப்பெட்டி வீடுகள். முதலில் நான் தோட்டத்து மண்ணை வைத்துத்தான் செய்தேன். சேறு வழிந்து பால்கனி வடிகால் அடைத்துக்கொண்டது. வீட்டில் அன்று எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. ஸ்பாஞ்சே போதும்.

பூவாளியில் ஒரு லிட்டர் ஊற்றினால் பேனர் தட்டிலிருந்து சில வினாடிகளில் கிட்டத்தட்ட மொத்தமும் குவளைக்கு வந்துவிடும். ஸ்பாஞ்ச் தட்டில் கொஞ்ச நேரம் எதுவுமே வராது, அப்புறம் மெதுவாகச் சொட்டும். சதுப்பு நிலமும் ஏரியும் இருக்கும் ஊர், எல்லாம் சிமெண்ட் போட்ட ஊர் என்று சொல்லி இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

நிறுத்தக் கூடாது. ஸ்பாஞ்சைப் பிழியாமல் இரண்டாவது லிட்டரை ஊற்றுங்கள். இப்போது இரண்டு தட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எங்கள் 2015 வெள்ளத்தின் கதை இதுதான். அந்த நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் ஒரு மீட்டருக்கும் மேல் மழை பெய்திருந்தது. மண், ஏரி, குளம் எல்லாம் நிரம்பிய ஸ்பாஞ்சாக இருந்தன. அதன்மேல்தான் டிசம்பர் 1 மழை வந்து விழுந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற விவாதம் இந்தத் தட்டில் அடங்காது, அதைப் பெரியவர்கள் டீ குடிக்கும்போது வைத்துக்கொள்ளட்டும்.

49 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். பெருக்கினால் 45,000 லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் ஒரு வீட்டு மாடியில் மட்டும் ஏறக்குறைய நாலு லாரி. 2019 கோடையில் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். அடுத்து, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 சென்டிமீட்டருக்கு எத்தனை லாரி என்று கேட்டால் அவர்களே அசந்துபோவார்கள்.

ஈரத்துணியா, வரைபடமா?

மூன்றாவது மேசைக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடைசிவரை ஊசலாடினேன்.

ஈரத்துணிச் சோதனை மிக எளிது. இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றி விசிறியால் வீச வேண்டும். காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அதில் 35 டிகிரிக்குக் கீழே அளவே இருக்காது. பாதரசத்தையும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். சிவப்புத் திரவம் உள்ள ஆய்வகத் தெர்மாமீட்டரை வாங்கிக்கொள்ளலாம். துணி சுற்றியது சில டிகிரி கீழே இறங்கும். வியர்வை நம்மைக் குளிர்விப்பதும் இப்படித்தான். 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 25 சதவீதம் உள்ள வறண்ட ஊரில் பதினைந்து டிகிரி வரைகூட இறங்கும். எங்கள் மாடியில் 30 டிகிரி, ஈரப்பதம் முக்கால்வாசி என்றால் மூன்று நான்கு டிகிரிதான். சோதனை சரியாக வரவில்லையே என்று முதல் நாள் நினைத்தேன். உண்மையில் பாடமே அதுதான். நம் ஊர்க் கடலோர வெயில் தெர்மாமீட்டர் காட்டுவதைவிட உடம்பை அதிகம் வாட்டுவது ஏன் என்பதற்கு அந்தச் சின்ன இடைவெளியே சாட்சி. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியை எட்டினால் ஆரோக்கியமானவர் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது என்பது கோட்பாட்டளவில் சொல்லப்படும் எல்லை. அதற்கு வெகு முன்பே வயதானவர்களுக்கும் வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் ஆபத்து தொடங்கிவிடும்.

வரைபடத்துக்கு வேண்டியது நான்கு சார்ட் பேப்பர் ஒட்டிய வங்கக் கடல், அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்கள், கலர் பின். வானிலைத் துறையின் புயல் அறிக்கைகளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புயல் எங்கே இருந்தது என்ற எண்கள் இருக்கும். ஒரு பிள்ளை எண்ணை வாசிக்க, இன்னொன்று பின் குத்த வேண்டும். எந்தப் புயல் என்பதில்தான் சூட்சுமம். நான் 2016 வார்தாவையும் 2023 மிக்ஜாமையும் எடுத்தேன். வார்தா சென்னை மேலேயே கரை ஏறியது. மரங்கள் சாய்ந்த தெருக்கள்தான் இன்றும் நினைவில் இருக்கின்றன. மிக்ஜாம் சென்னையில் கரையே ஏறவில்லை, ஆந்திராவில் பாபட்லா அருகே ஏறியது. ஆனால் நம் தெருவில் தண்ணீர் நின்றது மிக்ஜாமுக்குத்தான். ஏன்? பின்களைப் பார்த்தால் தெரியும், சென்னைக்கு எதிரே அவை நெருங்கி நிற்கும். பின்கள் நெருங்கினால் புயல் தவழ்கிறது, தவழ்ந்தால் ஒரே இடத்தில் கொட்டுகிறது. 2024இல் புதுச்சேரி அருகே கரை ஏறியபின் நகராமல் நின்ற ஃபெஞ்சலும் இப்படித்தான் மயிலத்தில் 51 சென்டிமீட்டரைக் கொட்டியது.

சோதனை என்ற கணக்கில் பார்த்தால் ஈரத்துணிதான் மேல். அதில் அளக்கிறோம், ஒப்பிடுகிறோம். வரைபடத்தில் யாரோ அளந்ததைக் குத்துகிறோம், அவ்வளவுதான். ஆனாலும் வரைபடம் ஜெயித்தது. காரணம், ஒத்திகை பார்த்த அன்று எதிர் வீட்டுப் பாட்டி வந்து நின்றதுதான். கையில் ஒரு பின்னை வாங்கிக்கொண்டு, "தனுஷ்கோடி எங்கே கண்ணு?" என்று என் மகளிடம் கேட்டார். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பரில் ராமநாதபுரத்தில் அவருக்குப் பத்து வயது. அடுத்த இருபது நிமிடம் எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுகளின் எண்களை அவர் வரிசையாகச் சொல்ல, பதினோராம் எண் ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள் என்பதை நானே அன்றுதான் கேட்டேன். பிறகு சரிபார்த்தேன், சரிதான். மற்ற மேசைகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு உதவிக்கு நிற்பார்கள். இந்த மேசையில் பேச அவர்களிடமே விஷயம் இருக்கிறது.

ஈரத்துணியை முழுதாகக் கைவிடவில்லை. தெர்மாமீட்டர் இரண்டையும் வரைபடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி, கால் மணிக்கொரு முறை யாராவது படித்து எழுத ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிடப்போகிறேன்.

கடையில் விற்கும் வானிலை அறிவியல் கிட்டுகளையும் விசாரித்தேன். ஒரு கிட் ஆயிரத்துக்கு மேல், அதில் இருப்பது காகிதக் காற்றுமானியும் பிளாஸ்டிக் மழைமானியும். நாற்பது வீட்டுக்கு ஒரு கிட் எந்த மூலைக்கு? ஒரு பேச்சாளரை அழைத்துப் படம் போட்டுக் காட்டச் சொல்லலாம் என்ற யோசனையும் வந்தது. பத்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் தொட்டிப் பக்கம் ஓடிவிடுவார்கள். வேண்டாம்.

ஒன்றைச் சேர்க்கச் சொல்லி மனைவி கேட்டார், சேர்த்துவிட்டேன். வெள்ளத் தட்டைப் பார்த்து, 2015இல் முதல் மாடி வரை தண்ணீர் வந்த வீட்டுப் பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. அதனால் கடைசிப் பதினைந்து நிமிடம் அவசரப் பை போட்டி. ஒவ்வொரு குடும்பமும் வீட்டுக்கு ஓடிப்போய் மாத்திரை, டார்ச், பவர் பேங்க், ஜிப் கவரில் ஆதார், ரேஷன் கார்டு நகல், ஒரு செட் துணி எடுத்து ஒரே பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். பையின் வெளிப்பக்கம் 1070, 1077 இரண்டு எண்களையும் பிள்ளைகளே எழுதுவார்கள். முன்னது மாநில அவசர உதவி, பின்னது மாவட்டத்துக்கு. இது அறிவியல் இல்லைதான். ஆனால் அன்று அதிகம் சத்தம் கேட்கப்போவது இதற்குத்தான்.

செலவு இதுவரை 1,340 ரூபாய். தெர்மாமீட்டர்தான் பெரிய செலவு. ஐஸை மட்டும் மறக்கக் கூடாது. கூட்டம் தொடங்கும்போதே, டீசல் கணக்கு வாசிக்கும் நேரத்திலேயே பாத்திரத்தில் போட்டுக் கோடு போட்டுவிட்டால்தான் ஏழு மணிக்குள் விடை தெரியும்.

செப்டம்பர் கடைசியில் மாலை இடி மழை வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். மேசைகள் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிடும். மாடியில் நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பா மட்டும் திறந்த வெளியில் இருக்கும், பறக்காமலிருக்க அடியில் ஒரு செங்கல். மறுநாள் காலை எட்டரைக்கு, வானிலை நிலையத்தில் அளக்கும் அதே நேரத்தில், ஸ்கேலை உள்ளே விட்டு யார் அளப்பது என்று இப்போதே வீட்டில் சண்டை.